சிட்ரஸ் மரங்களுக்கு மருந்தா, இயற்கை எதிரிகளா: எந்தப் பூச்சிக்கு எதை நம்பலாம்?

எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது: மருந்து அடிப்பதை விட்டுவிட்டுப் பொறிவண்டும், பூச்சியின் மேலோ உள்ளேயோ முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் விட்டால் சமாளிக்க முடியுமா? மருந்துச் செலவில் சலித்துப்போய்க் கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு அடித்தும் பூச்சி போகவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். பல தோட்டங்களில் அந்தப் பூச்சியை வளர்த்துவிட்டதே அடித்த மருந்துதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டம் முழுவதற்கும் ஒரே பதில் தேடினால் கிடைக்காது. பூச்சிக்குப் பூச்சி பதில் மாறும். மாவுப்பூச்சி, செதில் பூச்சி விஷயத்தில் இயற்கை எதிரிகளைத் தாராளமாக நம்பலாம். மரத்தை மெல்லக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்பும், சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி விஷயத்தில் அவற்றை மட்டும் நம்பி உட்கார்ந்தால் மரமே போய்விடும். அப்புறம், இருக்கும் நான்கு வழிகளில் ரொம்பவும் பலன் தருவது யாரும் விற்காத வழி. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

## எதை வைத்து அளப்பது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களைச் சரிசெய்துகொள்வோம். "செலவு எவ்வளவு, பலன் எவ்வளவு" என்ற இரண்டு மட்டும் போதாது.

முதலாவது, சேதம் எங்கே விழுகிறது? இலையில் சாறு உறிஞ்சும் பூச்சியை வளர்ந்த மரம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். பழத்தோலில் தழும்பு போடும் பூச்சி, பழம் சாறு பிழியப் போகிறதென்றால் பொருட்டே இல்லை. முதல் தரப் பழமாக விற்பதென்றால் நேரடி நட்டம். நோயைச் சுமந்து வரும் பூச்சி இந்த இரண்டிலும் சேராது. அது எத்தனை இருக்கிறது என்பதைவிட, இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, எவ்வளவு நாள் பொறுக்க முடியும்? இயற்கை எதிரி எப்போதும் பூச்சிக்குப் பின்னால்தான் வரும். இரை பெருகினால்தான் அது பெருகும். அந்த இடைவெளி சில வாரங்கள் நீளும். அந்தச் சில வாரங்களில் என்ன இழப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, பூச்சி மரத்திலேயே குடியிருக்கிறதா, வெளியிலிருந்து வந்து போகிறதா? செதில் பூச்சி ஒட்டிய இடத்தை விட்டு நகராது. அதைத் தேடிப் பிடிக்கக் குளவிக்கு நேரம் இருக்கிறது. இரவில் பறந்து வந்து பழத்தைத் துளைத்துவிட்டு விடியுமுன் போய்விடும் அந்துப்பூச்சியை எந்தப் பொறிவண்டும் காத்திருந்து பிடிக்காது.

நான்காவது, எறும்பு. இது தனிப் பூச்சிபோலத் தோன்றும். ஆனால் பாதி வழிகளின் வெற்றி தோல்வியை இதுதான் முடிவுசெய்கிறது. கீழே விரிவாக வருகிறது.

ஐந்தாவது, பார்ப்பதற்கு ஆள் இருக்கிறாரா? மருந்துக்கு ஸ்பிரேயர் வேண்டும். இயற்கை எதிரிக்குக் கண் வேண்டும், கையில் ஒரு லென்ஸ் வேண்டும், வாரம் ஒருமுறையாவது தோட்டத்தைச் சுற்றிவரும் பழக்கம் வேண்டும்.

## வழி 1: முழுக்க ரசாயன மருந்து

இதன் பலம் வேகம். இன்று அடித்தால் நாளை பூச்சி விழுந்து கிடக்கும். பிஞ்சு பிடிக்கும் சில வாரங்களில் இலைப்பேன் தோலைச் சுரண்டும்போதும், சைலிட் பெருகும்போதும் அந்த வேகம் காசு பெறும். யாரும் மறுக்க முடியாது.

ஆனால் விலைச்சீட்டில் இல்லாத செலவுகள் இங்கேதான் அதிகம். பெரியது, அடிக்காமல் விட்டிருந்தால் வந்தே இருக்காத பூச்சி வந்து சேர்வது.

இதற்குச் சிட்ரஸ் பயிரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த ஐசீரியா என்ற பஞ்சுச் செதில் பூச்சி 1880களில் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபலே என்பவர் 1888இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அதைத் தின்னும் ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டைப் பிடித்து அனுப்பினார். முதலில் உயிரோடு வந்து சேர்ந்தவை வெறும் 129 வண்டுகள். ஒரு மரத்தைக் கூடாரத்தால் மூடி, அதற்குள் அவற்றை விட்டுப் பெருக்கினார்கள். இரண்டு ஆண்டு ஆவதற்குள் பஞ்சுச் செதில் பூச்சி ஒரு பிரச்சினையாகவே இல்லாமல் போனது. அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. 1940களின் பிற்பகுதியில் வேறு பூச்சிகளுக்காக டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடிக்கத் தொடங்கினார்கள். வண்டுகள் செத்தன, பஞ்சுச் செதில் பூச்சி திரும்பி வந்தது. டிடிடியை நிறுத்தி வண்டு மறுபடி பெருகிய பிறகே அது அடங்கியது.

அது பழைய மருந்து, இப்போதெல்லாம் பாதுகாப்பானவை வந்துவிட்டன என்று தோன்றலாம். 1990களின் கடைசியில் அதே கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், சிவப்புச் செதில் பூச்சிக்கு எதிராகப் பைரிப்ராக்சிஃபென் வந்தது. பூச்சியின் வளர்ச்சியை மட்டும் தடுக்கும் மருந்து, மனிதருக்கு ஆபத்து குறைவு, பல குளவிகளையும் அவ்வளவாகத் தொடாது. ஆனால் பொறிவண்டின் முட்டையையும் புழுவையும் முடக்கியது. பஞ்சுச் செதில் பூச்சி மறுபடி தலைதூக்கியது. 'மென்மையான மருந்து' என்று சொன்னால், யாருக்கு மென்மை என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

பால் டிபாக் என்ற ஆய்வாளர் இதையே சோதனை முறையாக மாற்றினார். இயற்கை எதிரிகள் உண்மையில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்ட, சில மரங்களுக்கு மட்டும் வேண்டுமென்றே டிடிடியை லேசாக அடித்தார். செதில் பூச்சியை அது அவ்வளவாகக் கொல்லவில்லை, குளவிகளைக் கொன்றது. அடித்த மரங்களில் செதில் பூச்சி அப்பிக்கொண்டது, அடிக்காத மரங்கள் நன்றாக இருந்தன. பூச்சி மருந்து அடித்துப் பூச்சியை வளர்க்கலாம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

மற்ற செலவுகள் தெரிந்தவைதான்: பூச்சி எதிர்ப்புச் சக்தி பெறுவது (இலைப்பேனும் சிலந்திப்பேனும் இதில் கில்லாடிகள்), அறுவடைக்கு முன் காத்திருக்கவேண்டிய நாட்கள், பழத்தில் எச்சம், பூக்கும் நேரத்தில் தேனீச் சாவு, அடிப்பவரின் உடம்பு. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பிறகு சிலந்திப்பேன் பெருகுவதும் வழக்கம். அவற்றின் எச்சம் இலையில் இருக்கும்வரை, வாங்கி விடும் குளவியும் சாகும்.

இது சரியான வழி ஆகும் இடம்: கிரீனிங் நோய் சுற்றுவட்டாரத்தில் இருக்கும்போது இளம் மரங்களைக் காப்பாற்ற, நாற்றங்காலில், உயிருள்ள ஒரு பூச்சிகூட இருக்கக்கூடாது என்று வாங்குபவர் நிபந்தனை போடும்போது.

## வழி 2: ஏற்கெனவே இருப்பவற்றைக் காப்பாற்றுவது

யாரும் விற்காத வழி என்று சொன்னேனே, அது இதுதான். புதிதாக எதையும் விடுவதில்லை. தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, குளவி, இரைதின்னிச் சிலந்திப்பேன், சிலந்தி இவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை.

'என் தோட்டத்தில் எதுவும் இல்லை' என்பவர்கள் பெரும்பாலும் எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள். மூன்று அடையாளங்கள் சொல்கிறேன்.

சிவப்புச் செதில் பூச்சி ஒட்டியிருக்கும் ஒரு பழத்தை எடுங்கள். ஊசி முனையால் செதிலின் மூடியை மெல்லத் தூக்குங்கள். லென்ஸில் பார்த்தால், நல்ல செதில் பூச்சி சாறு நிறைந்து மழமழவென்று இருக்கும். சிலவற்றின் கீழே பூச்சிக்குப் பதில் சின்னஞ்சிறு மஞ்சள் கூட்டுப்புழுவும், அதன் பக்கத்தில் கரும்பழுப்பு நிறக் கழிவு உருண்டைகளும் இருக்கும். அது ஏஃபைட்டிஸ் குளவி. செதிலின் மூடியில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளை எதுவும் இல்லாமல் உள்ளே வற்றிப்போன செதில்களிலும் பல அந்தக் குளவி குத்திச் சாறு குடித்துக் கொன்றவையாக இருக்கும். ஆகவே துளைகளை மட்டும் எண்ணினால் அதன் வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவீர்கள்.

அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் ஊதிப்போய், காய்ந்த காகித நிறத்தில் அசையாமல் இருந்தால் அவற்றுக்குள் குளவிப் புழு இருக்கிறது. அந்தக் கொழுந்தை ஒடித்து எரித்துவிடாதீர்கள்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு, சுறுசுறுப்பாக ஓடும் ஒன்றைப் பார்த்தால் நசுக்காதீர்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. தின்னும் பூச்சியைப் போலவே வேடம் போட்டிருக்கும். ஆசையாகக் காசு கொடுத்து வாங்கி விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து 'பெரிய மாவுப்பூச்சி வந்துவிட்டது' என்று அதற்கே மருந்து அடிப்பது நடக்காத கதை அல்ல.

இனி எறும்பு. மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மென்செதில் பூச்சி எல்லாம் இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்புக்கு அது சாப்பாடு. சாப்பாடு போடும் பூச்சிக்கு எறும்பு காவல் நிற்கும்: குளவி வந்து உட்கார்ந்தால் விரட்டும், பொறிவண்டின் முட்டையையும் புழுவையும் தூக்கிப் போகும். இனிப்புக் கழிவே இல்லாத சிவப்புச் செதில் பூச்சிகூட எறும்பு ஏறும் மரத்தில் அதிகமாகும். பக்கத்துக் கிளைக்குப் போகும் எறும்பு, வழியில் முட்டையிட உட்கார்ந்த ஏஃபைட்டிஸையும் கலைத்துவிடும் என்பதுதான் காரணம். ஆகவே இலையில் அந்த இனிப்புக் கழிவின் மேல் வளரும் கரும்பூசணம் படிந்திருந்தால் முதலில் தண்டைப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறுகிறதா? அப்படியானால் முதல் வேலை எறும்பு, பூச்சி அப்புறம்.

எறும்பை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. தரையைத் தொடும் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கும்படி கவாத்து செய்யுங்கள். தண்டைச் சுற்றி அகலமான காகித நாடாவோ துணியோ இறுகச் சுற்றி, அதன் மேல் ஒட்டும் பசை தடவுங்கள். பசையை நேரே பட்டையில் பூசினால் பட்டை கெடும். மரத்தைத் தொட்டு நிற்கும் களைச்செடி ஒன்று போதும், எறும்புக்கு அது பாலம், அதையும் வெட்டுங்கள். பசையில் தூசி படிந்ததும் எறும்பு அதன் மேலேயே நடக்கும், மாற்றவேண்டும்.

தூசியை வேறு இடத்திலும் கவனிக்கவேண்டும். வண்டிப் பாதையோர மரங்களில் சிலந்திப்பேனும் செதில் பூச்சியும் அதிகமாக இருப்பது தற்செயல் இல்லை. தூசி படிந்த இலையில் குளவிகளால் சரியாகத் தேட முடியாது. பாதையில் தண்ணீர் தெளிப்பதும் பூச்சிக் கட்டுப்பாடுதான்.

மறைவான செலவு: பொறுமையும், கொஞ்சம் தழும்பு விழுந்த பழமும். மருந்தை நிறுத்திய முதல் பருவம் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும், ஏனென்றால் பூச்சி முதலில் திரும்பும், எதிரி பின்னால் வரும். பலர் சரியாக அந்த இடைவெளியில்தான் பயந்து மறுபடி அடித்து, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்து விழுவதும் ஒரு செலவுதான். அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது.

இது சரியான வழி ஆகும் இடம்: காய்க்கும் வயது மரங்கள், கிரீனிங் அபாயம் குறைவு, தோலில் சின்ன வடு இருந்தால் விலை அடிவாங்காத சந்தை. இந்த மூன்றும் பொருந்தினால் மற்ற வழிகளை யோசிக்கவே வேண்டாம்.

## வழி 3: வாங்கி விடுவது

'இயற்கை எதிரி' என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இந்த வழி: டப்பாவில் வண்டு வரும், திறந்து விடுவோம், பூச்சி ஒழியும். சில பூச்சிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எதை, எப்போது விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிரிப்டோலேமஸ் ஆஸ்திரேலிய வண்டு. 1890களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்கும் 1898இல் இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டது. புழுவும் வண்டும் இரண்டுமே மாவுப்பூச்சியைத் தின்னும். மரத்துக்கு 10 வண்டு என்பது பரவலான பரிந்துரை. ஆனால் இதற்கு நிறைய இரை வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மாவுப்பூச்சி இருக்கும் மரத்தில் விட்டால் பட்டினியில் பறந்துபோகும். குளிர் தாங்காது, குளிர்காலத்தில் அழிந்துபோகும் இடங்களில் ஆண்டுதோறும் புதிதாக விடவேண்டும். மாவுப்பூச்சி குறைவாக இருக்கும்போது லெப்டோமாஸ்டிக்ஸ் என்ற சிறு குளவிதான் பொருத்தம். சிதறிக் கிடப்பதையும் தேடிக் கண்டுபிடிக்கும். ஆனால் அது சிட்ரஸ் மாவுப்பூச்சியைத்தான் தாக்கும், வேறு இன மாவுப்பூச்சிக்கு விட்டால் வீண். எந்த இனம் என்று தெரியாமல் வாங்குவது இங்கே பெரிய விரயம்.

சிவப்புச் செதில் பூச்சிக்கு ஏஃபைட்டிஸ் மெலினஸ். 1956-57இல் இந்தியா, பாகிஸ்தான் பகுதிகளிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய், வெயில் அதிகமான உள்பகுதிகளில் அதற்கு முன் சீனாவிலிருந்து கொண்டுவந்த இனத்தைவிட நன்றாக நிலைத்துவிட்டது. செதில் பூச்சியின் குறிப்பிட்ட ஒரு வளர்ச்சி நிலையில்தான் இது முட்டையிடும். எனவே ஒரே தடவை மொத்தமாக விடுவதில் பயன் குறைவு; ஏக்கருக்குச் சில ஆயிரம் என்ற கணக்கில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பருவத் தொடக்கத்திலிருந்தே விடுவார்கள். அதே கலிஃபோர்னியாவில் ஃபில்மோர் என்ற ஊரின் விவசாயிகள் 1922இல் கூட்டாக ஓர் அமைப்பு தொடங்கி, பின்னர் குளவிகளைத் தாங்களே வளர்த்து உறுப்பினர் தோட்டங்களில் விட்டார்கள். தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாதது பத்துப் பேர் சேர்ந்தால் ஆகலாம். பக்கத்துத் தோட்டத்து மருந்துப் பிரச்சினைக்கும் அதுதான் மருந்து.

சைலிட்டுக்கு டமரிக்ஸியா என்ற குளவி இருக்கிறது. ஒரு பெண் குளவி, முட்டையிட்டும் தின்றும், வாழ்நாளில் 500 இளம்பூச்சிகள் வரை கொல்ல முடியும் என்பார்கள். கேட்க அருமை. ரீயூனியன் தீவில் 1970களின் கடைசியில் இதை விட்டு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஃபுளோரிடாவில் இதே குளவி இருந்தும் 2005இல் தெரியவந்த கிரீனிங் நோய் மாநிலம் முழுக்கப் பரவியது. நோய்க்கு மருந்து கிடையாது. நோய் சுமந்த சைலிட் சில தப்பினாலே போதும். எனவே வணிகத் தோட்டத்தில் டமரிக்ஸியா துணைக்கு மட்டும். மருந்தடிக்காத வீட்டுத் தோட்டங்கள், கைவிட்ட தோட்டங்கள் இவற்றில் விடுவதில்தான் அதன் அருமை, ஏனென்றால் சைலிட் அங்கே பெருகித்தான் மற்ற தோட்டங்களுக்குப் பறக்கிறது.

மறைவான செலவுகள்: வழியில் சாவது முதலாவது. வந்ததும் டப்பாவைத் திறந்து எத்தனை உயிரோடு நகர்கின்றன என்று பாருங்கள்; அனுப்பிய தேதியைக் கேளுங்கள். வெயிலில் வண்டியில் கிடந்த டப்பா வெறும் டப்பாதான். இரண்டாவது, மருந்து எச்சம் தீரும்வரை காத்திருப்பது. மூன்றாவது, எறும்பு. எறும்பை நிறுத்தாமல் வாங்கி விடுவது, எறும்புக்குத் தீனி வாங்கிப் போடுவது. விடுவதற்கு மாலை நேரம் நல்லது. தோட்டத்து முகப்பில் மொத்தமாகத் திறக்காமல், பூச்சி இருக்கும் மரங்களைத் தேடிப்போய் விடுங்கள்.

எறும்பையே எதிரியாக வாங்கி விட்ட கதையும் உண்டு. தென் சீனாவில் முசுறு எறும்புக் கூடுகளைப் பையில் போட்டுச் சந்தையில் விற்றதையும், ஆரஞ்சு மரக்காரர்கள் வாங்கியதையும் கி.பி. 304இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு நூல் குறிக்கிறது. மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டு எறும்பை நடக்கவிடும் வழக்கமும் பிற்காலத்தில் இருந்தது. இலை தின்னும் புழு, பழத்தைக் குத்தும் நாவாய்ப் பூச்சி போன்ற பெரிய பூச்சிகளுக்கு முசுறு நல்ல காவல். மாவுப்பூச்சிக்கும் மென்செதில் பூச்சிக்கும் அதே முசுறு பாதுகாவலன். பறிக்கப் போகிறவருக்குக் கடியும் இலவசம். நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏற்கெனவே இருந்தால் உடனே அழிக்கவும் சொல்லமாட்டேன்.

இது சரியான வழி ஆகும் இடம்: பூச்சியின் இனம் உறுதியாகத் தெரியும், எறும்பு கட்டுப்பாட்டில் இருக்கிறது, மருந்து எச்சம் இல்லை, பல மரங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன, நம்பகமான வளர்ப்புக்கூடம் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

## வழி 4: எதிரிகளை முதலில், மருந்தைத் தேர்ந்தெடுத்து

வணிகமாகப் பயிர் செய்பவர்களில் பெரும்பாலோர் வந்து சேரவேண்டிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். வழி 2 அடித்தளம். தேவையான இடத்தில் வழி 3. இரண்டும் போதாதபோது, எதிரிகளுக்கு அதிகம் கெடுதல் செய்யாத மருந்து, தேவையான மரங்களுக்கு மட்டும்.

அந்தக் கருவிகளில் முக்கியமானது தோட்டப்பயிருக்கான கனிம எண்ணெய். பூச்சியின் மேல் படலமாகப் படிந்து மூச்சைத் திணறடித்துக் கொல்லும். காய்ந்தபின் எச்சம் நச்சாக நிற்காது, அடுத்து வரும் குளவிக்கு ஆபத்து குறைவு, எதிர்ப்புச் சக்தி வளர்வதும் அரிது. ஆனால் படாத இடத்தில் வேலை செய்யாது. இலையின் அடியும் நனையவேண்டும். தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கும் மரத்திலும் கடும் வெயிலிலும் அடித்தால் இலை கருகும். புழுக்களுக்கு பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. எறும்புக்கு விஷ இரையைப் புற்றருகே வைக்கலாம், மரத்தில் அடிக்கவேண்டியதில்லை.

பூஞ்சாண மருந்தும் கணக்கில் வரும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பழத்தைத் துரு நிறமாக்கும் துருச்சிலந்தி என்ற சிலந்திப்பேனை ஹிர்சுடெல்லா என்ற பூஞ்சாணம் ஈரமான பருவத்தில் இயற்கையாகவே கொல்லும். சொறிநோய்க்குத் தாமிர மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இந்தப் பூஞ்சாணமும் சாகும், துருச்சிலந்தி கூடும். தாமிரம் அடிக்கவே கூடாது என்பதில்லை; அடித்தபின் அடுத்த சில வாரம் பழங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

மறைவான செலவு ஒன்றுதான், ஆனால் பெரியது: முடிவெடுக்கும் சுமை. நாள்காட்டி பார்த்து அடிப்பது மூளைக்கு வேலை தராது. இங்கே ஒவ்வொரு முறையும் எண்ணவேண்டும், எதிரி எத்தனை, பூச்சி எத்தனை, போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று. எண்ணுவதற்கு ஆள் இல்லாத தோட்டத்தில் இந்த வழி ஆறு மாதத்தில் வழி 1 ஆகிவிடும்.

## பூச்சிவாரியாக

| பூச்சி | எந்தப் பக்கம் சாயலாம் | நம்பக்கூடிய எதிரி | கவனிக்கவேண்டியது |
|---|---|---|---|
| பஞ்சுச் செதில் பூச்சி | முழுக்க இயற்கை எதிரி | ரொடோலியா பொறிவண்டு | வளர்ச்சித் தடுப்பு மருந்துகள் வண்டைக் கெடுக்கும் |
| சிவப்புச் செதில் பூச்சி | இயற்கை எதிரி, தேவையானால் எண்ணெய் | ஏஃபைட்டிஸ் | தூசி, எறும்பு |
| மாவுப்பூச்சி | இயற்கை எதிரி | கிரிப்டோலேமஸ், லெப்டோமாஸ்டிக்ஸ் | இனம் தெரியவேண்டும், எறும்பு முதலில் |
| கரும் ஈ, வெள்ளை ஈ | இயற்கை எதிரி | என்கார்சியா போன்ற சிறு குளவிகள் | இலையடியில் துளை விழுந்த கூடுகளைப் பாருங்கள் |
| அசுவினி | பெரும்பாலும் விட்டுவிடலாம் | பொறிவண்டு, குளவி | அசுவினி பரப்பும் டிரிஸ்டெசா நச்சுயிரி உள்ள இடத்தில் இளம் மரங்கள் |
| இலைத்துளைப்பான் | வளர்ந்த மரத்தில் விட்டுவிடலாம் | பல சிறு குளவிகள் | நாற்று, இளம் மரம், சொறிநோய் |
| இலைப்பேன் | கலப்பு | இரைதின்னிச் சிலந்திப்பேன் | பிஞ்சுப் பருவம் மட்டும் |
| சைலிட் | கிரீனிங் இருந்தால் மருந்து | டமரிக்ஸியா துணைக்கு | ஒவ்வொரு துளிர் பருவமும் |
| பழம் துளைக்கும் அந்துப்பூச்சி | இரண்டும் பயனில்லை | கிடையாது | பழத்துக்கு உறை |

அட்டவணையில் இரண்டு வரிக்கு விளக்கம் வேண்டும். இலைத்துளைப்பான் புழு இலைத்தோலுக்குள் வெள்ளிக்கோடு போட்டு ஊர்வதால் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மேலே தெளிக்கும் பல மருந்துகள் உள்ளே எட்டாது, குளவி எட்டும். காய்க்கும் மரம் அந்தச் சில இலைகளை இழந்தால் விளைச்சல் குறையாது. சுருண்ட இலைகளை வெட்டினால் புதுத் துளிர் வரும், அதில்தான் அடுத்த தலைமுறை முட்டையிடும். விட்டுவிடுங்கள். நாற்றும் ஒன்றிரண்டு வயது மரமும் வேறு கணக்கு. பழம் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழு உங்கள் மரத்தில் வளர்வதே இல்லை, சீந்தில் போன்ற கொடிகளில் வளர்ந்து அந்துப்பூச்சியாகித்தான் வருகிறது. வேலியோரச் சீந்திலை அகற்றுவதும் பழத்துக்கு உறை போடுவதும்தான் கைகொடுக்கும்.

## மாறுவதாக இருந்தால்

முழுத் தோட்டத்தையும் ஒரே பருவத்தில் மாற்றாதீர்கள். பாதையோரத்திலிருந்தும், மருந்தடிக்கும் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் தள்ளி ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்து வரிசைகளை இடைவெளியாக விட்டு, நடுவிலுள்ள மரங்களை எண்ணுங்கள். முதலில் நிறுத்தவேண்டியது பைரித்ராய்டு வகை. அதன் எச்சம்தான் எதிரிகளைத் திரும்பி வரவிடாமல் நீண்ட நாள் தடுக்கும். எறும்பைத் தடுக்கும் பசை நாடாவை மருந்து நிறுத்துமுன்பே கட்டிவிடுங்கள். பூச்சி கூடுகிறது என்று பட்டால் உடனே ஸ்பிரேயரை எடுக்காமல் இருபது செதிலையாவது புரட்டிப் பாருங்கள். கீழே குளவிக் கூட்டுப்புழு வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் பொறுக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் எண்ணெய் அடியுங்கள்.

வீட்டில் ஒன்றிரண்டு மரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. டப்பா வண்டு வாங்காதீர்கள்; தின்ன வேறு இரை இல்லாமல் பறந்துபோகும். தண்டில் பசை நாடா, தரையைத் தொடும் கிளைகளுக்குக் கவாத்து, மாவுப்பூச்சி அப்பிய கிளைக்கு வாரம் இருமுறை குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, பறவை எச்சம்போலத் தெரியும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழுவைக் கையால் எடுப்பது: இவ்வளவு போதும். சுற்றுவட்டாரத்தில் கிரீனிங் இருக்கிறதென்றால் மட்டும், புதுத் துளிர் வரும்போதெல்லாம் சைலிட் இருக்கிறதா என்று பாருங்கள். இலையின் ஒரு பாதி பச்சையும் மறுபாதி மஞ்சளுமாக ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக மாறியிருந்தால், தாமதிக்காமல் வேளாண் துறை ஆட்களைக் கூட்டிவந்து காட்டுங்கள்.